தொண்ணூறாவது நாள்

"வேதியியலிலோ இயற்பியலிலோ பட்டம், அல்லது அதற்கு இணையான அனுபவம் பெற்று, ஐந்தாண்டுக்கு மேற்படாத பணிக்காலமுடைய இளம் விஞ்ஞானி."

1966ஆம் ஆண்டுக் கோடையில் நெய்வேலியில் ஆறு வாரம் நடந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பயிற்சி வகுப்பின் பட்டியலில், இருபதாவது பெயருக்கு நேரே இப்படித் தட்டச்சு செய்திருந்தது. பெயர் அ. தனகோட்டி. வயது முப்பத்தொன்பது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. எரிபொருள் ஆய்வுக்கூடத்தின் பின்கட்டில் பழுப்பு நிலக்கரியை இடித்து, சலித்து, உலர்த்தி, சீட்டு ஒட்டிப் புட்டியில் அடைப்பது வேலை.

இருபதாவதாக வரவேண்டிய பி.எஸ்ஸி. பையன் பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இடத்தைக் காலியாக விட்டால் அடுத்த ஆண்டு பத்தொன்பதுதான் கொடுப்பார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் சிங்காரவேல் அப்படி எதையும் காலியாக விடுகிறவர் அல்ல. தனகோட்டியின் படிவத்தைத் தாமே நிரப்பினார். அனுபவம் என்ற கட்டத்தில் 'ஒன்பது ஆண்டு'. பணிக்காலம் என்ற கட்டத்தில் 'ஒரு மாதம்'.

இரண்டுமே உண்மை. 1957இல் தனகோட்டியை எண்பத்தொன்பது நாளுக்கு வேலைக்கு எடுத்தார்கள். தொண்ணூறு நாள் தொடர்ந்து வேலை செய்துவிட்டால் உரிமை கேட்பார்கள் என்று அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பயம். ஆகவே தொண்ணூறாவது நாள் 'பிரேக்'. அன்று அவர் யாரோ ஒருவர். வாசலில் பாஸைக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் புது ஆர்டர். மற்றவர்கள் ஆயுளில் ஒருமுறை வேலையில் சேருகிறார்கள். தனகோட்டி முப்பத்தாறு முறை சேர்ந்திருந்தார். இன்னும் தொடக்க நிலையிலேயே இருந்தார்.

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும், ஹைதராபாத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நரைத்த தலையையும் இஸ்திரி போட்ட சட்டையையும் பார்த்துப் பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். அவர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததும் ஒருவன் நிம்மதியாக டீ கொண்டுவரச் சொன்னான். அவரும் போய்க் கொண்டுவந்தார்.

டீ கொண்டுவந்தாலும் வகுப்பை விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஆகஸ்டில் ஆய்வுக்கூட உதவியாளர் இடம் ஒன்றுக்கு நேர்காணல். பர்மனென்ட் வேலை. பட்டமில்லாதவர்கள் கருவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைக் காட்டினால் போதும். வயது வரம்பு நாற்பது. அடுத்த நேர்காணல் எப்போது வந்தாலும் தனகோட்டிக்கு அந்த வயது கடந்திருக்கும்.

"பர்மனென்ட் ஆனா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களா?" என்று மனைவி மாணிக்கம்மாள் வடலூர் வாடகை வீட்டில் கேட்டாள்.

"மொதல்ல சர்ட்டிபிகேட் குடுக்கட்டும்."

"ஒரு நாள் வுடாம போனா குடுத்துடுவாங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஒரு நாள் விடாமல் என்பதுதான் சிக்கல். சான்றிதழுக்கு முப்பத்தாறு நாளும் வருகை வேண்டும். வகுப்பு முடிவது ஜூன் பதினெட்டு. அவருடைய தொண்ணூறாவது நாள் ஜூன் பதினைந்து.

வகுப்பு தொடங்குமுன்பே சிங்காரவேலிடம் போய் நின்றிருந்தார். "பிரேக்க முன்னாடியே குடுத்துடுங்க சார். வகுப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள."

"முன்னாடி நிறுத்தணும்னா ஆர்டர ரத்து பண்ணணும்யா. ரத்துன்னா காரணம் எழுதணும். உம்மேல என்னா குத்தம்னு எழுதட்டும்?"

"குத்தம் ஒண்ணுமில்லீங்களே."

"அதான் சொல்றேன். குத்தமில்லாதவன நான் எப்பிடி நிறுத்துவேன்?"

"அன்னிக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு எழுதிக்கலாங்களா?"

"வேலையிலியே இல்லாதவனுக்கு ஏதுய்யா லீவு? ஒன்பது வருஷமா இருந்துகினு இது கூட தெரியல ஒனக்கு."

வகுப்பை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த வேணு. முப்பது வயது, நியாயத்தில் நம்பிக்கையுள்ளவர். பொருளை ஆவியாக்கி, மின்னூட்டித் துண்டுகளாக்கி, காந்தத்துக்கிடையே விரட்டி, ஒவ்வொரு துண்டும் வளைவதைக்கொண்டு அதன் எடையைச் சொல்லும் இயந்திரம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். உள்ளே துளிக் காற்றும் கூடாது. ஆனால் குழாயிலோ, ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் குளிர்ப்பொறியிலோ, எங்கேயாவது ஒரு மூட்டு ஒழுகிக்கொண்டேயிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு மூட்டு மூட்டாகத் தடவ வேண்டும்; ஒழுகும் இடத்தில் பட்டதும் அளவுமானியின் ஊசி துள்ளும். இளம் விஞ்ஞானிகளுக்கு இதில் பொறுமையில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து பஞ்சு தனகோட்டியின் கையில்தான் இருந்தது. கணக்கு வகுப்பில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூட்டுகள் விளங்கின.

ஜூன் பதினைந்து, புதன்கிழமை. தனகோட்டி ஒன்பது மணிக்கு வந்து பாஸைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வெளியே நின்றார். வீட்டுக்குப் போகச் சொன்ன காவலர் அய்யனாரிடம், "நின்னுகினுதான இருக்கேன், உள்ள வர்லியே" என்றார்.

பதினொரு மணிக்கு வேணு வெயிலில் ஓடிவந்தார். "தனகோட்டி, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. எல்லா மூட்டும் பாத்தாச்சு."

"குளிர்ப்பொறிக்குக் கீழ ஒரு வளையம் இருக்குது, பாத்தீங்களா? நேரா நின்னா தெரியாது சார். குனிஞ்சு, அடிப்பக்கமா தடவணும்."

"நீங்களே வந்து பண்ணுங்களேன்."

"நான் யாரு சார் வர்றதுக்கு?"

அரைமணியில் ஊசி இறங்கிவிட்டது. வேணு வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்து, தனகோட்டியின் பெயருக்கு நேரே, பதினைந்தாம் தேதிக் கட்டத்தில், வந்தார் என்று குறியிட்டார். நியாயம் அப்படித்தான் சொன்னது.

மறுநாள் காலை, வாசலில் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு தனகோட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சிங்காரவேல் புது ஆர்டரோடு வகுப்புக்குள் வந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று பதிவேட்டைப் புரட்டினார். பதினைந்தாம் தேதிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"என்னா சார் இது? நேத்து இவன் வேலையிலியே இல்ல. வந்தான்னு போட்டு வெச்சிருக்கீங்க?"

"அவர் சொல்லித்தான் இயந்திரம் ஓடிச்சு."

"ஓடட்டும் சார். நாளைக்கு இவன் கோர்ட்டுல இந்தப் பக்கத்தக் காட்டினா தொண்ணூறு நாள் ஆயிடும். இது இருக்கற வரைக்கும் இந்த ஆர்டர் என் கைய வுட்டுப் போகாது."

"அந்தக் குறியை நான் அடிக்க மாட்டேன். பொய்யை எழுதச் சொல்லாதீங்க" என்றார் வேணு. அவர் இன்னும் இரண்டு நாளில் சென்னைக்கு ரயிலேறப் போகிறவர்.

சிங்காரவேல் ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்தொன்பது இளம் விஞ்ஞானிகளும் தத்தம் நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோர்ட்டுக்கெல்லாம் நான் எங்க சார் போவப் போறேன்" என்றார் தனகோட்டி.

"போக மாட்டேன்னு எழுதிக் குடுப்பியா? குடுத்தாலும் செல்லாதுய்யா."

தனகோட்டி கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.

"வேணு சார், அந்தச் செவப்புப் பேனாவக் குடுங்க."

"வேணாம் தனகோட்டி. சர்ட்டிபிகேட் போயிடும்."

"தெரியுங்க."

தனகோட்டி தம் பெயருக்கு நேரே இருந்த குறியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.