அவர் எடுத்த சீட்டு

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கையில் வருகிற பைபிள் வசனம்தான் அந்த வருஷத்துக்கு. ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டில் இருப்பவர் எடுக்க வேண்டும். மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை பார்த்த என் கணவருக்கு, கல்யாணம் ஆனதிலிருந்து நான்தான் எடுத்துவந்தேன். பாறசாலைப் பக்கம் பாதி வீடுகளில் இதே கதைதான்.

எனக்கு ஒரு வேலை கிடைத்தால் அவர் வந்துவிடலாம். அதற்காகத்தான் நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றே தலைவலி. எந்த கம்ப்யூட்டர் மொழியைப் படிப்பது? கழக்கூட்டத்து ஐடி கம்பெனிகள் ஜாவாவைத்தான் கேட்கின்றன என்றார் வாத்தியார். காரக்கோணத்து அக்கா ஜாவாஸ்கிரிப்ட் என்றாள். உதியன்குளங்கரையில் பேக்கரி வைத்திருக்கும் மச்சான், இனி எல்லாவற்றையும் ஏஐ எழுதிவிடும், பேசாமல் கேக் செய்யப் படி என்றார். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. எனக்கு ஜாவா போதும். காலையில் பாறசாலையில் ரயிலேறி கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் வந்து அவர் போட்ட சாயாவைக் குடிக்க வேண்டும். நான் ஆசைப்பட்ட எதிர்காலம் அவ்வளவுதான்.

அவரோ பைதான் பைதான் என்று ஒரே பிடியாக நின்றார். பேசி முடியவில்லை. ஒருநாள் வீடியோ அழைப்பில், வருஷா வருஷம் உங்களுக்கு நான் அட்டை எடுக்கிறேனே, இந்த ஒரு தடவை எனக்கு நீங்கள் சீட்டு எடுங்கள் என்றேன். மூன்று மொழிக்கும் மூன்று துண்டுக் காகிதத்தில் எழுதி, சோற்றுப் பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி, ஜெபம் பண்ணி, ஒன்றை எடுத்துக் காட்டினார். பைதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் ஜெபம் பண்ணி எடுத்ததை மாற்ற எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் வராது. முக்கி முனகிப் படித்தேன்.

வேலை கிடைத்தது என்று கேட்டதுமே அவர் அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டார். வேலை பெங்களூரில், தினமும் நேரில் வந்தே ஆக வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் வந்தார், நான் கிளம்பினேன்.

ரயிலேற்றிவிட வந்தவர் பெட்டியை இருக்கைக்கடியில் தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மூணு துண்டுலயும் பைதான்னாக்கும் எழுதினேன். ரூமுல உள்ளவனுவ எல்லாம் இனி அதுக்குத்தான் காலம்னு சொன்னானுவ. உனக்கு நல்லது வரட்டும்னு நினைச்சேன் மக்கா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான் நல்லதையா கேட்டேன்? உங்களையாக்கும் கேட்டேன்."

ரயில் நகரத் தொடங்க, அவர் அவசரமாக இறங்கிவிட்டார். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் ஆபீஸில் மெஷின் சாயாவை வாயில் வைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. அந்நேரம் அவர் வீட்டில் தனக்கு மட்டும் சாயா போட்டுக்கொண்டிருப்பார்.

இந்தப் புத்தாண்டுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் அட்டையை அவர் எடுத்தார். சபை வாசலில் நின்றே கூப்பிட்டார். என்ன வசனம் என்று கேட்டேன்.

"சீக்கிரம் வீட்டுக்கு வான்னு போட்டிருக்கு," என்றார்.

சின்ன வயதிலிருந்து அந்தத் தட்டில் அட்டை எடுக்கிறவள் நான். அப்படியொரு வசனம் எந்த அட்டையிலும் கிடையாது.

ஆமென் என்றேன்.