வார்டு அலுவலகத்தில் கொடுத்த பெயர்

மூன்றாவது பாட்டு முடிகிற நேரம். கதவருகே நின்றிருந்த விக்டர் பிரதர் கைதட்டுவதைச் சட்டென்று நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். பச்சைச் சீருடையில் இரண்டு போலீஸ்காரர்கள், அவர்களோடு சாதாரண உடையில் ஒரு பெண். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். சத்தம் போடவில்லை. மிரட்டவில்லை. "இங்கே யார் பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்பானவர்களே, அந்த மௌனம் எங்கள் சபையைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டது. அதிலிருந்து கர்த்தர் எங்களை எப்படி வெளியே எடுத்தார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பெயர் ஜெபசீலி. பாளையங்கோட்டைதான் சொந்த ஊர். என் கணவருக்கு வியட்நாமில், தூ டுக் பகுதியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அதனால் சைகோனுக்கு வந்தோம். ஊருக்கு ஹோ சி மின் நகரம் என்றுதான் பெயர், ஆனால் பேச்சில் எல்லோருக்கும் இன்னும் சைகோன்தான். இங்கே ஒரு வியட்நாமியச் சபையின் மாடியில் ஞாயிறு மதியம் எங்கள் தமிழ் ஐக்கியம் கூடும். முழுநேரப் போதகர் கிடையாது. பூ மி ஹங் பகுதியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் ராஜன் அண்ணன்தான் நடத்துவார். நான் ஓய்வுநாள் பள்ளியும் பெண்கள் ஜெபமும் பார்த்துக்கொண்டேன்.

மகன் சென்னைக்குக் கல்லூரி போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. ஊழியத்துக்கு ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற பாரம் எனக்கு வந்தது அப்போதுதான். நகரத்துக்குள் இருந்த ஒரு இறையியல் கல்லூரியில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை முழுக்க ஆங்கிலத்தில் வகுப்பு. அந்தப் படிப்பில் ஒரு நிபந்தனை உண்டு. படிக்கிற காலம் முழுவதும் ஒரு சபையில் ஊழியம் செய்ய வேண்டும். அந்தச் சபையின் தலைவர் உங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷத்துக்குப் போக முடியாது.

எங்கள் சபையில் சிலருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. விக்டர் பிரதர் ஒருநாள் நேராகவே கேட்டார். "கிரேக்கம் எல்லாம் படிச்சு என்ன பண்ணப் போறீங்க சிஸ்டர்? அதிகமாப் படிச்சவங்கதான் சபையை உடைச்சிருக்காங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அன்றையிலிருந்து நான் வாயைத் திறந்தாலே சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த நிலையில்தான் என் வகுப்புத் தோழி ஹான் எங்கள் ஆராதனைக்கு வந்தார். ஹான் வியட்நாமியப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இங்கே அக்காவைச் 'சி' என்பார்கள், அதனால் எனக்கு அவர் சி ஹான். மாணவர்கள் ஒருவர் சபைக்கு ஒருவர் போய்ப் பார்த்து வர வேண்டும் என்பது பாடத்தில் ஒரு பகுதி. அவர் எல்லோரிடமும் பேர் கேட்டார், ஊர் கேட்டார், என்ன வேலை என்று கேட்டார். பிள்ளைகள் பாடுவதைப் போட்டோ எடுத்தார். ஜெபம் முடிந்ததும் மெர்சி அக்கா கொண்டுவந்த லெமன் சாதத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மெர்சி அக்கா ராஜன் அண்ணனின் மனைவி. அன்று அவருக்கு ஹானை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சரியாக அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் போலீஸ் வந்தது.

எனக்குத் தெரிந்த வியட்நாமியத்தில், "நாங்கள் இந்தியர்கள், ஜெபம் செய்கிறோம்" என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். பொறுப்பில் இருக்கிறவர் வார்டு அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கீழே இருந்த வியட்நாமியப் போதகர், "அது முடியும்வரை நீங்கள் இங்கே கூட வேண்டாம்" என்றார். அவருக்கும் பயம். அவரைக் குறை சொல்ல முடியாது.

மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு வந்த முதல் மழைக்காலம் அது. மறுநாளே ராஜன் அண்ணன் போன் செய்தார்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த லேடி யாரு? அவங்களை உங்களுக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"கூடப் படிக்கிறாங்க அண்ணா."

"எதுக்கு எல்லார் பேரும் கேட்டாங்க? போட்டோ எதுக்கு?"

பாடத்துக்காக என்றேன். எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. போனை வைத்த பிறகு அதே கேள்விகளை எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். வகுப்பில் ஹான் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறு யாருக்கும் பதில் தெரியாத கேள்விகளுக்கெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். வார்டு அலுவலகத்தில் ஆட்களைத் தெரியும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றிய ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

ஒரு வாரத்தில் சபையின் வாட்ஸ்அப் குழு அமைதியாகிவிட்டது. நான் இல்லாத இன்னொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. கடையில் என்னைப் பார்த்த ஒரு சகோதரி, தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். போலீசுக்குச் சொன்னது ஹான், ஹானைக் கூட்டி வந்தது நான். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ராஜன் அண்ணனை ஒதுக்கிவிட்டுச் சபையைப் பிடிக்க நானே திட்டம் போட்டேன் என்றார்கள். அதைக் கிளப்பியது விக்டர் பிரதர்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவர் சிரிப்பு அடிக்கடி ஞாபகம் வரும்.

பிறகு ராஜன் அண்ணன் கல்லூரிக்குச் சொல்லிவிட்டார். இப்போதைக்கு என்னைப் பற்றித் தன்னால் சாட்சி சொல்ல முடியாதாம்.

அன்று மெட்ரோவில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். ஜெபித்தேன். "ஆண்டவரே, யார் சொன்னது என்று காட்டும். அந்தப் பெயரை மட்டும் எனக்குக் கொடும்." வீட்டில் காய் நறுக்கும்போதும் அதே ஜெபம். என் கணவர் ஜெயக்குமார் கேட்டுவிட்டுச் சொன்னார். "பேரு தெரிஞ்சா என்ன செய்யப் போற? அவுக வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறியா?" எனக்குக் கோபம் வந்தது. உபவாசம் இருந்தேன். பரலோகத்திலிருந்து ஒரு பெயரும் வரவில்லை.

ஹானின் போனை நான் எடுக்கவே இல்லை. வகுப்பில் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை மதிய இடைவேளையில் அவரே ஐஸ் காபி இரண்டு வாங்கிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஆங்கிலமும் வியட்நாமியமும் கலந்துதான் பேசுவோம்.

"உங்கள் சபை மூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். வார்டு அலுவலகத்துக்கு யாராவது போனீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"எல்லோருக்கும் பயம். விசா போய்விடுமோ என்று."

"நான் கூட வருகிறேன். திங்கட்கிழமை போகலாம்."

நான் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள், இல்லையா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியவில்லை, சி ஹான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முதல் தடவையாகத் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா, மேகாங் ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊரில் ஊழியர். எழுபத்தைந்தில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த பிறகு, அவரை மறுகல்வி முகாம் என்ற சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஹான் அப்போது சின்னப் பிள்ளை. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று சபையில் பேச்சு. எல்லோரும் ஒரு தையல்காரரைச் சந்தேகப்பட்டார்கள். அவரிடம் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். சபையில் அவர் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

"அப்பா திரும்பி வர வருஷக்கணக்கில் ஆனது" என்றார் ஹான். "வந்த முதல் ஞாயிறு அந்த மனிதர் பெஞ்சில்தான் போய் உட்கார்ந்தார். அம்மாவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், 'அவன்தானா என்று கேட்டீர்களா?' என்று கத்தினாள். 'கேட்கவில்லை. கேட்டால் எங்களில் ஒருவர் எழுந்து போக வேண்டிவரும்' என்றார் அப்பா."

"அப்புறம் தெரிந்ததா, யார் என்று?"

"இல்லை. அப்பா சாகும்வரை தெரியாது. என் கல்யாண உடையை, ஆவ் யாயை, அந்தத் தையல்காரர்தான் தைத்தார். தோள் அளவு அவ்வளவு கச்சிதம்." காபியை உறிஞ்சிவிட்டுக் கேட்டார். "திங்கட்கிழமை வருகிறீர்களா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவரும் யோசித்தார். "அந்தம்மா நம்மள மாட்டிவிடுறதுக்குக் கூப்பிடுதாவளோன்னு எனக்கும் ஒரு பக்கம் தோணுது, சீலி" என்றார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் தோன்றியது. ஹான் சொன்னது நல்ல கதை. நல்ல கதை சொல்கிறவர்களை எல்லாம் நம்பிவிட முடியுமா? ஜெபித்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் யார் அது என்று கேட்கிற ஜெபம் மட்டும் அன்று என் வாயில் வரவில்லை. "கூட வாரும்" என்றுதான் வந்தது.

திங்கட்கிழமை ஹானின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். மழைக்கோட்டு ஒன்றுதான் இருந்தது, இரண்டு பேரும் அதற்குள். அவர் ஒரு குறுக்குச் சந்தில் திரும்பினார். எங்கே கொண்டுபோகிறார்? சந்து முடிந்த இடத்தில் வார்டு அலுவலகம்தான் இருந்தது.

உள்ளே இருந்த அதிகாரி இளம் வயது. அன்று மாடிக்கு வந்தவர்களில் ஒருவர். என்னை அடையாளம் தெரிந்து சிரித்தார். ஹான் முதலில் கேட்டது இதைத்தான். "இவர்களைப் பற்றி யாராவது புகார் கொடுத்தார்களா?"

அவர் ஆச்சரியப்பட்டார். "புகாரா? இல்லையே. வார்டுகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். இந்தப் பகுதி எங்களுக்குப் புதிது. அதனால் எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்தோம். பகோடா, கோயில், சர்ச், கராவோக்கே கடைகூட விடவில்லை. உங்கள் இடத்தில் மட்டும்தான் யார் பொறுப்பு என்று கேட்டால் யாருமே பதில் சொல்லவில்லை."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் உபவாசம் இருந்து கேட்ட பெயர் உலகத்திலேயே இல்லை.

"சரி, இப்போது சொல்லுங்கள். யார் பொறுப்பு?" என்றார் அதிகாரி. "ஒரு பெயர் இருந்தால்தான் அனுமதிக்கு மேலே அனுப்ப முடியும்."

வெளியே வந்து ராஜன் அண்ணனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். "என் வொர்க் பெர்மிட் ரினியூவல் இருக்கு சிஸ்டர். பேர் குடுத்தா நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? அவங்க சொல்றதை அப்படியே நம்பிடாதீங்க" என்றார். அதில் தப்பில்லை. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

பிறகு என் கணவரைக் கூப்பிட்டேன். தொழிற்சாலையில் இயந்திரச் சத்தம். அவருடைய வேலையில்தான் என் விசாவும் இருக்கிறது. ஏதாவது ஆனால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"என் பேரக் குடுக்கட்டுமாங்க?"

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான். குடு."

உள்ளே போய் என் பெயரைச் சொன்னேன். அதிகாரி எழுத்துக்கூட்டத் தெரியாமல் இரண்டு தடவை கேட்டார்.

இதோடு எல்லாம் சரியாயிற்று என்று நினைக்காதீர்கள். நான் பெயர் கொடுத்த செய்தி பரவியதும், "பாத்தீங்களா, கடைசியில சபையை அவங்க பேருக்கே மாத்திட்டாங்க" என்று பேச்சு வந்தது. அனுமதி வருமா என்றும் தெரியவில்லை. வாசலில் மணி அடித்தாலே எழுந்து நிற்பேன். மழைக்காலம் முடிந்தது. ஹானும் நானும் சனிக்கிழமைதோறும் மதியம் ஒன்றாக ஜெபித்தோம், அவர் தன் மொழியில், நான் என் மொழியில்.

நவம்பர் முடியும் சமயம் அந்த அதிகாரியே போன் செய்தார். அனுமதி வந்துவிட்டது. சமையலறைத் தரையில் அப்படியே முழங்கால் போட்டேன். வாயில் ஸ்தோத்திரம் தவிர ஒரு வார்த்தை வரவில்லை.

முதல் ஞாயிறு பாதிப் பேர்கூட வரவில்லை. பாட்டு ஆரம்பித்த பிறகு ராஜன் அண்ணனும் மெர்சி அக்காவும் வந்தார்கள். அக்கா நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த சிஸ்டர் வரலியா? அவங்களுக்காக லெமன் சாதம் கொண்டாந்தேன்" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ராஜன் அண்ணன் அன்று பிரசங்கம் பண்ண என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் கல்லூரிக்குப் போய் எனக்காகச் சாட்சி சொன்னதும் அவர்தான்.

விக்டர் பிரதர் கிறிஸ்துமஸுக்குத்தான் வந்தார். அந்தப் பேச்சைக் கிளப்பியது அவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு குடும்பம் திரும்பி வரவே இல்லை. அவர்களுக்காக இன்னும் ஜெபிக்கிறேன்.

இப்போது எனக்குப் படிப்பில் கடைசி வருஷம். ராஜன் அண்ணனும் இந்த வருஷம் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் ஹாலில் சந்திக்கும்போது கிரேக்க எழுத்துகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார், பாதி தப்பாக.

உங்கள் சபையிலும் யாராவது ஒருவர் மேல் சந்தேகக் கண் இருக்கலாம். உங்கள் மேலேயே இருக்கலாம். "யார்?" என்று கேட்டு நான் பல வாரங்களை வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பயத்தோடேயே போங்கள், சந்தேகத்தோடேயே போங்கள், ஆனால் கர்த்தரைக் கூட வரச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் வருவார். எனக்காக ஒரு மழைநாளில் ஸ்கூட்டரில் வந்தவர் அவர். அவருக்கே எல்லா மகிமையும்.