தலையைத் திறந்துவைத்துப் பேசிய காலை

மரக்காணம் உப்பளத்தில் உப்பு ஏற்ற லாரி பிடித்துக் கொடுப்பது என் தொழில். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை போனும் கையுமாகத்தான் இருப்பேன். வாய்தான் எனக்குச் சோறு போடுகிறது.

அந்த வாய் ஒருநாள் பாதியில் நின்றுபோனது. எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்று ஒரு டிரைவருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘கோயில்’ என்ற வார்த்தை வரவில்லை. வலது கை தானாக வெட்டி இழுத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. “அண்ணே, டவர் இல்லியா?” என்றான் டிரைவர். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் என் மனைவி பக்கத்தில் நின்று கையைப் பார்த்திருந்தாள். மறுநாளே என்னைப் பஸ் ஏற்றிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. “மெதுவா வளர்ற கட்டி மாதிரிதான் இருக்கு. ஆனா பேச்சு இருக்கிற எடத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு” என்றார் டாக்டர். “அந்த எடம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். உங்களுக்கு எங்க இருக்குதுன்னு தெரியாம நான் கத்தி வைக்க மாட்டேன்.”

அதைத் தேட முதலில் என்னை ஒரு குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். போர்வெல் போடுகிற வண்டியைக் காதுக்குள் நிறுத்தியதுபோல் சத்தம். கண்ணுக்கு முன்னால் படங்கள் வந்தன. அவற்றின் பெயரை மனசுக்குள் மட்டும் சொல்லவேண்டும், வாய் அசையக்கூடாது. மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாக ஓடுமாம். அதை அந்த மெஷின் படம் பிடிக்குமாம். எனக்கு மனசுக்குள் பேசிப் பழக்கமே கிடையாது. “உதடு அசையுதுங்க” என்று மைக்கில் குரல் வந்துகொண்டே இருந்தது.

“இது ஏறக்குறைய எடத்தைக் காட்டும். மிச்சத்தை ஆபரேஷன்ல உங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்” என்றார் டாக்டர்.

“என்கிட்டயேன்னா?”

“முழிச்சிருப்பீங்க.”

என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி தரும் ஒரு இளம்பெண் கட்டுக்கட்டாகப் பட அட்டைகள் கொடுத்தார். ‘இது ஒரு’ என்று ஆரம்பித்துப் பெயர் சொல்லவேண்டும். வீட்டில் மனைவி அட்டையைக் காட்டுவாள், நான் சொல்வேன். பனிமலைப் படத்துக்கு “இது ஒரு உப்புக் குவியல்” என்றேன். “ஏங்க, வெளையாடாதீங்க!” என்று அதட்டினாள். விஷயம் அந்தப் பெண்ணிடம் போனது. அவர் சிரித்துவிட்டு, “உப்புக் குவியல்னே சொல்லட்டும். ஆனா எப்பவும் அதையே சொல்லணும்” என்றார். பென்குயினுக்கு நான் தினம் ஒரு பெயர் சொன்னதால் அதை எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் அன்று காலை தலைத்தோலை மரத்துப்போக வைத்து, கொஞ்ச நேரம் தூங்கவைத்து, மண்டையைத் திறந்த பிறகு எழுப்பினார்கள். மூளைக்கு வலியே தெரியாதாம். தலைக்குப் பின்னால் டாக்டர். முன்னால் பச்சைத் துணிக்கூடாரத்துக்குள் அந்தப் பெண்ணின் முகம் மட்டும். டாக்டர் ஒவ்வொரு இடமாகச் சின்னதாகக் கரண்ட் வைப்பார், அந்தப் பெண் படம் காட்டுவார்.

“இது ஒரு குடை.” “இது ஒரு மாடு.” “இது ஒரு...”

சாவி. கண்ணுக்கு நேரே இருக்கிறது. பூட்டைத் திறப்பதுபோல் விரலைத் திருப்பிக்கூடக் காட்டினேன். பெயர் மட்டும் இல்லை. உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது. இனிமேல் இப்படித்தானா?

“பயப்படாதீங்க. கரண்ட்டை எடுத்தாச்சு. இப்ப சொல்லுங்க” என்றார் அந்தப் பெண்.

“சாவி! சாவிங்க! இது ஒரு சாவி!”

“ரொம்ப நல்லது” என்றார் டாக்டர். அந்த இடத்தில் நம்பர் போட்ட குட்டிக் காகிதம் ஒன்றை வைத்தாராம். “இங்க நான் கை வைக்க மாட்டேன்.”

அப்படி எனக்குப் பேச்சு நின்ற இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, அவற்றை விட்டுவிட்டுக் கட்டியை வெட்ட ஆரம்பித்தார். “இப்ப நீங்க பேசிக்கிட்டே இருங்க. எதையாவது பேசுங்க” என்றார். என்னைப் பேசச்சொல்லிக் கேட்டுக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். மழைக்காலத்தில் உப்புப் பாத்திகள் முழுகுவது, எந்த டிரைவர் எந்த டீக்கடையில் வண்டியைப் போட்டுவிட்டுத் தூங்குவான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் ஒருவர் சிரிப்பது கேட்டது. நாக்கு லேசாகக் குழறியதும் டாக்டர் கையை எடுத்துவிட்டார். “போதும். இதுக்கு மேல போனா உங்க டீக்கடைக் கதை போயிடும்.”

கொஞ்சம் கட்டியை உள்ளேயே விட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள், இதுவரை அது வளரவில்லை. ஆபரேஷன் முடிந்து மூளை வீக்கம் வடியும்வரை வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. மனைவி வாக்கியத்தை முடித்துக் கொடுக்காமல், நானே சொல்லட்டும் என்று காத்திருப்பாள். அதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்கும்.

போன தடவை ஸ்கேனுக்குப் போனபோது, மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த ஆபரேஷன் வீடியோவை எங்களுக்கும் போட்டார்கள். ஈரமாக, வெளிர் சிவப்பாக, மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது என் மூளை. மேலே நம்பர் காகிதங்கள். மனைவி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, மானிட்டருக்குக் கிட்டத்தில் போய் நின்றுகொண்டு கடைசிவரை பார்த்தாள்.

வெளியே வந்ததும், “ஏங்க, பசிக்குது” என்றாள். பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த கடையில் ஆளுக்கொரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம்.