கலோவுக்கு மட்டும் அனுமதி

2003ஆம் வருஷம், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம் நடந்தது இது. ரங்கூனில் அலோன் பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். நான் நகரின் நடுவில் கியாக்டடாவில் ஒரு வியாபார ஆபீஸில் டைப்பிஸ்ட். என் கணவருக்கு ஆற்றோரக் கிடங்கு ஒன்றில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் குடும்பத்தோடு ஒரு விடுமுறைக்குக்கூட நாங்கள் வெளியூர் போனதில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார்கள்.

காரணம் என் கணவரின் அடையாள அட்டை. அவர் அலோனில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். ஆனால் பழைய காகிதங்கள் எல்லாம் ஒரு தீ விபத்தில் போய்விட்டதால், அவர் கையில் இருந்தது வெளிநாட்டவர் பதிவு அட்டை. ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதில் எந்த ஊர் எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் இரவு தங்கலாம். எங்கள் நாட்டில் யார் வீட்டில் விருந்தாளி தங்கினாலும் அன்றைக்கே அந்த வார்டுப் பெரியவரிடம் பெயர் கொடுத்தாக வேண்டும் என்பதால், ஏமாற்றவும் முடியாது. எனக்கும் பிள்ளைகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் எதற்கெடுத்தாலும் தயங்கும்போது "பயந்தாங்கொள்ளி" என்று நான் வாய் கூசாமல் சொல்லிவிடுவேன்.

அந்த வருஷம் நானே பிடிவாதமாகக் கிளம்பினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மகளின் பள்ளிக்கூட வரைபடத்தை விரித்து, தையல் நூலை வைத்து ஊருக்கு ஊர் தூரம் அளந்தேன். பிள்ளைகள் கடற்கரை கேட்டார்கள். ஆபீஸில் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். எங்களுக்கு வேண்டியது ஒரே ஊர். அங்கேயே தங்கிக்கொண்டு, பகலில் பக்கத்து இடங்களைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். என் கணவர் கேட்டது ஒன்றுதான், ராத்திரியில் யாரும் கதவைத் தட்டாத அமைதியான ஊராக இருக்க வேண்டும் என்று. கடைசியில் கலோ என்ற மலையூரைத் தேர்ந்தெடுத்தேன். பைன் மரங்கள், குளிர், ஒரு சின்ன ரயில் நிலையம், ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தை. விண்ணப்பத்தை நானே டைப் அடித்தேன். பக்கத்தில் இருக்கும் பிண்டாயாவையும் சேர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இரண்டு ஊர் போட்டால் இரண்டு மடங்கு கேள்வி வரும் என்று விட்டுவிட்டேன்.

கலோவுக்குச் சீட்டு கிடைத்தது, கிளம்பிப் போனோம். முதல் இரண்டு நாளும் சொர்க்கம்தான். மூன்றாம் நாள் குகைக்கோயில் பார்க்கப் பிண்டாயா போனோம். திரும்பிப் போகும் கடைசி வண்டி இரண்டு மணிக்கு என்று என் கணவர் வந்து இறங்கியதுமே விசாரித்து வைத்திருந்தார். ஒன்றரை மணிக்கே கிளம்பலாம் என்றார். நானோ, காகிதக் குடை செய்யும் பட்டறையில் மகளோடு உட்கார்ந்துவிட்டேன். குடைக்குப் பூ ஒட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம், இன்னொரு வண்டி இல்லாமலா போகும் என்றேன். வழக்கமான அந்த வார்த்தையையும் சொன்னேன். அவர் வாசலில் போய் நின்றார்.

இன்னொரு வண்டி இல்லை. மூன்று மணிக்கும் இல்லை, நான்கு மணிக்கும் இல்லை. ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அம்மா பாவப்பட்டு, தன் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றார். சொன்ன கையோடு, பெயர் கொடுக்க வேண்டுமே என்று ஊர்ப் பெரியவரைக் கூட்டிவரப் போய்விட்டார். அவர் செய்தது நல்ல காரியம்தான். ஆனால் சீட்டில் பிண்டாயா இல்லையே.

பெரியவர் நோட்டும் பேனாவுமாக வந்தார். ஐம்பது வயதிருக்கும், பக்கத்துத் தோட்டத்தில் இருந்து நேராக வந்தவர் போலக் கால் முழுக்கச் செம்மண். என் அட்டையை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். என் கணவரின் அட்டையையும் சீட்டையும் இரண்டு தடவை படித்தார். எங்கே பிறந்தாய் என்று பர்மியத்தில் கேட்டார். ரங்கூனில் என்றார் இவர். அப்பா? அவரும் அங்கேதான். பெரியவர் நோட்டில் ஒன்றும் எழுதாமல் மூடிக்கொண்டு வெளியே போனார்.

யாரை அழைத்து வரப் போனாரோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"காலைல நீ புள்ளைங்கள கூட்டிக்கிட்டு நேரா ரங்கூன் போயிரு. எனக்காக இங்க நிக்காத."

குரலில் நடுக்கமே இல்லை. நடுங்கியது நான்தான். என் மகள் புதுக் குடையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தக் குடையைத் தூக்கி ஏரியில் எறியலாம் போல இருந்தது.

அரை மணி நேரம் கழித்து முட்டைக்கோஸ் ஏற்றிய லாரி ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஏறச் சொல்லிக் கை காட்டினார். மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டோம். வழியில் சோதனைச் சாவடியில் லாரி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெரியவர் தலையை வெளியே நீட்டி, எல்லாம் என் ஆட்கள் என்றார். மரக்கட்டை உயர்ந்தது.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குக் கலோ வந்து சேர்ந்தோம். லாரி காலையில்தான் திரும்பும் என்பதால் பெரியவரும் எங்கள் விடுதியிலேயே தங்கினார். விடுதிக்காரர் பெயர் எழுதுவதற்காக அட்டை கேட்டார். பெரியவர் சட்டைப் பையைத் தடவினார், இடுப்பு மடிப்பைத் தடவினார், பிறகு சிரித்தார். அவசரத்தில் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "நாளைக்கு எழுதிக்கோ, நான் எங்க ஓடிரப் போறேன்" என்றார். விடுதிக்காரரும் சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிட்டார்.

எங்கள் அறைக்கும் முன்கூடத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். படுத்த ஐந்தாவது நிமிஷம் பெரியவர் குறட்டை விட ஆரம்பித்தார். அட்டையே இல்லாமல் அப்படி ஒரு தூக்கம். இந்தப் பக்கம், சரியான ஊரில், சரியான சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் கணவர் சுவரில் சாய்ந்து விடியும் வரை உட்கார்ந்திருந்தார். வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் கை அந்தச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. பன்னிரண்டு வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. வெட்கத்தில் அழுதேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேன். தூங்கு என்று மட்டும் சொன்னார்.

காலையில் பெரியவர் தேநீர் குடித்துவிட்டு லாரி ஏறினார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அதற்குப் பிறகும் எங்களுக்குள் சண்டை வரும், எனக்குக் கோபமும் வரும். ஆனால் அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம், பலகைச் சுவருக்கு அப்பால் கேட்ட அந்தக் குறட்டை ஞாபகத்துக்கு வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.