தீர்த்தம் குடித்த லாப்டொப்

வாடிக்கையாளர் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை. கொம்பியூட்டர் கத்தினால்தான் பயப்பட வேண்டும். ஜெர்மனியின் ஹம் நகரில் நான் கொம்பியூட்டர் திருத்தும் கடை நடத்தியபோது, ஒரு சனிக்கிழமை மரியதாஸ் அண்ணை ரெலிபோன் எடுத்தார். பின்னால் சைரன் அலறிக்கொண்டிருந்தது.

"தம்பி, லாப்டொப் கத்துது! சிவப்புப் பெட்டி ஒண்டு வந்து வைரஸ் எண்டு காட்டுது. அதில கிடந்த நம்பருக்கு மனுசி ரெலிபோன் அடிச்சிட்டா. இப்ப ஒருத்தன் உள்ளுக்க பூந்து அம்புக்குறியை ஓட்டுறான்!"

"அண்ணை, உடனே ரவுட்டரின்ர வயரைக் கழட்டுங்கோ!"

"கழட்டிப்போட்டன். இன்னும் ஓட்டுறான்!"

அவர் கழற்றியது லாப்டொப்பின் சார்ஜர் வயரை. பற்றரி நிறையச் சார்ஜ் இருந்தது.

அவர்களுடைய மகளின் கலியாணப் படங்கள் எல்லாம் அந்த லாப்டொப்பில் மட்டும்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! திட்டிக்கொண்டே கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல வேளை, அடுத்த தெருதான்.

நான் போனபோது சைரன் நின்றிருந்தது. திரை இருண்டு கிடந்தது. மேசையெல்லாம் தண்ணீர். அண்ணையின் மனைவி ஜெசிந்தா அக்காவின் கையில், கெவெலார் மாதா கோயில் யாத்திரையில் நிரப்பி வந்த தீர்த்தப் போத்தல். காலிப் போத்தல்.

"என்னக்கா செய்தனீங்கள்?"

"வைரஸ் எண்டாங்கள் தம்பி. ரெண்டு துளி தெளிப்பம் எண்டு பாத்தன். மூடி கழண்டுபோச்சு."

திருடன் இன்னும் லைனில்தான் இருந்தான். "அம்மா, திரை ஏன் மறைந்துவிட்டது?" என்று ஸ்பீக்கரில் ஜெர்மனில் மரியாதையாகக் கேட்டான். தண்ணீர் ஊற்றிவிட்டேன் என்று அக்காவும் ஜெர்மனிலேயே சொன்னார். அவன் உண்மையான கவலையோடு சொன்னான்: "ஐயோ, திரும்ப ஆன் பண்ணாதீர்கள். கவிழ்த்து வையுங்கள். நன்றாகக் காயட்டும்."

நான் சொல்ல வாயெடுத்த அதே ஆலோசனை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்ல பெடியன்," என்றார் அக்கா. "திங்கக்கிழமை திரும்ப எடுக்கச் சொல்லட்டே?"

ரெலிபோனைப் பறித்து வைத்தேன். அண்ணையை வங்கிக்கு ரெலிபோன் அடித்துக் கணக்கைப் பூட்டச் சொன்னேன். பிறகு லாப்டொப்பைக் கழற்றினேன். மதர்போர்ட் செத்துவிட்டது. டிஸ்க் மட்டும் ஒரு மூலையில் நனையாமல் இருந்தது. அவர்கள் இருவரும் கூடவே வர, அதைக் கடைக்குக் கொண்டுபோய், இன்ரநெற் இல்லாத மெஷினில் மாட்டினேன். முதலில் திறந்த படத்தில் மகள் மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அண்ணை வாய்விட்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது.

"மாதாதான் அவனைக் கலைச்சவ," என்றார் அக்கா. தண்ணீர் பட்டு மெஷின் நின்றதால்தான் அவன் வெளியே போனான். அந்த வகையில் அக்கா சொன்னது சரிதான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லுங்கள். உண்மையான எச்சரிக்கை ரெலிபோன் நம்பர் தராது. யாராவது உள்ளே வந்துவிட்டால் பவர் பட்டனை அணையும்வரை அமத்திப் பிடிக்க வேண்டும். படங்களுக்கு இன்னொரு பிரதி வேண்டும்.

அந்தப் பிரதியைப் புது டிஸ்க்கில் போட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கியவர் நேரே மாதா படத்தடிக்குப் போனார். அங்கே இன்னொரு போத்தல், நிறையத் தீர்த்தத்தோடு.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ!"

டிஸ்க்கை வாங்கிப் பொலித்தீன் பையில் போட்டு, பையின் வாயைச் சுற்றிச் செலோரேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

"இப்ப தெளியுங்கோ."