மூன்று கிண்ணம் இட்லி மாவு

திருத்தணியில் ஒரு கல்லூரி. அங்கே கெமிஸ்ட்ரி லேபில் குணசேகரன் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். மணவூரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். அந்த ஜூலையில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கலந்து ஒரே பாடமாக்கினார்கள். பாடம் ஒன்றானால் மூன்று லேபுக்கும் ஒரு ஆள் போதும் என்று சொல்லத்தான் இந்த ஏற்பாடு என்று அவருக்குப் பட்டது.

அந்த ஒரு ஆள் பாட்டனி லேப் வசந்தியாகத்தான் இருக்கும். வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது, ஆனால் கம்ப்யூட்டர் தெரியும். பிரின்சிபால் அறைக்கு அடிக்கடி போகிறாள். ஒருநாள் குணசேகரனின் லேபுக்கே வந்து பியூரெட், பிப்பெட் என்று அங்கிருந்த கண்ணாடிக் கருவிகள் எல்லாவற்றையும் நோட்டில் படம் போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா எழுதிகினு இருக்க?"

"இது இன்னா, அது இன்னான்னு பசங்க கேக்கறாங்கண்ணா. பேர் தெரியாம முழிக்கிறேன்."

அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து அலமாரிச் சாவி டிராயரில் இல்லை, அவர் பாக்கெட்டில்.

புதுப் பாடத்தை நடத்திய அனுராதா மேடம், வெயில் காலத்தில் இட்லி மாவு ஏன் சீக்கிரம் புளிக்கிறது என்ற கேள்வியில் தொடங்கினார். மூன்று கிண்ணம் மாவை ஃப்ரிட்ஜில் ஒன்று, லேபில் ஒன்று, கேன்டீன் அடுப்பு ஓரத்தில் ஒன்று என்று வைத்தார்கள். மறுநாள் பத்து மணிக்குப் புளிப்பை அளக்க வேண்டும். அளக்கும் மீட்டர் குணசேகரனின் அலமாரியில் இருந்தது.

மறுநாள் ரயில் அரக்கோணத்திலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. வசந்தி போன் செய்தாள்.

"சாவி எங்கண்ணா?"

"எங்கிட்டதான் கீது. வந்துகினே இருக்கேன்."

தான் இல்லாமல் வகுப்பு நடக்காது என்பதில் அவருக்கு உள்ளூரத் திருப்தி.

போய்ப் பார்த்தால் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வசந்தி தோட்டத்துச் செம்பருத்தியைப் பறித்து வெந்நீரில் ஊறவைத்திருந்தாள். அந்த ஊதாத் தண்ணீரில் மாவைக் கரைக்க, புளிப்புக்குத் தக்கபடி சிவந்தது. அடுப்பு ஓரத்து மாவுதான் எல்லாவற்றையும்விடச் சிவப்பு. மாணவர்கள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள். குணசேகரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தான் தேவையில்லை என்று காட்டவே இவள் இதைச் செய்திருக்கிறாள்.

"நல்லவேளை வந்தீங்க" என்றார் மேடம். "எது அதிகப் புளிப்புன்னு பூ சொல்லிடுச்சு. எவ்வளவுன்னு மீட்டர்தான் சொல்லணும்."

மீட்டரை எடுத்துக் கொடுத்தார். வசந்தி அதை ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு அப்படியே அடுத்ததற்குக் கொண்டுபோனாள்.

"அய்ய, கழுவாம வெச்சா தப்பா காட்டும்!" அவரை அறியாமல் வாயில் வந்துவிட்டது. கழுவும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார். அதையும் எழுதிக்கொண்ட வசந்தி, அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். மாவுக்குள் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். இத்தனை வருஷத்தில் அவர் மைக்ராஸ்கோப்பில் எதையும் பார்த்ததே இல்லை.

"இரும்மா, இன்னும் கொஞ்சம் பாக்கறேன்" என்றார்.

ஏப்ரலில் உத்தரவு வந்தது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஓய்வுபெறும் பிசிக்ஸ் லேப் உதவியாளருக்குப் பதில் ஆள் கிடையாது, அந்த வேலையையும் இவர்கள் இருவரே பார்க்க வேண்டும்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் குணசேகரன்.

"எழுதிக் கேக்கலாம்ணா."

இருவர் பெயரிலும் வசந்தியே மனுவை டைப் செய்து கொண்டுவந்தாள். அவர் அதை மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிசிக்ஸ் லேபுக்கு வாரத்தில் மூன்று நாள் வர ஒரு தற்காலிக ஆள் கிடைத்தார்.