402-ஆம் வீட்டின் மூன்றாவது பிழை

மேரிம் தொக்தோசுனோவா. பிறந்தது 1985 மார்ச் 9, கிர்கிஸ்தானின் நாரின் நகரம். ஷாங்ஹாய்க்கு வந்தது 2016 செப்டம்பர் 2. பணி, தனியார் மொழிப் பள்ளியொன்றில் ரஷ்ய மொழி ஆசிரியை. யாங்பூ பகுதியில் எட்டாம் கட்டடத்தின் 402-ஆம் வீட்டில் குடியேறியது 2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு. வாடகை மாதம் 4,600 யுவான். குடியேறிய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் முகவரி பதிவானது. வீட்டுக்காரி திருமதி கூ நேரில் வந்து கையெழுத்திட்டார். ஒப்பந்தம் முடியும் நாள் டிசம்பர் 31.

அந்தக் கையெழுத்தின் அருமை மேரிமுக்குத் தெரியும். அதற்கு முன் நான்கு வீட்டுக்காரர்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தனர். ஒருவர் வீட்டைத் தரத் தயார், காவல் நிலைய வாசலை மட்டும் மிதிக்க மாட்டேன் என்றார். இன்னொருவர் வெளிநாட்டுக்காரர் சமைத்தால் வாசனை சுவரில் ஏறிவிடும் என்றார். மூன்றாமவர் அவளுடைய பெயரைப் படிவத்தில் எழுதத் தொடங்கி, பாதியிலேயே கட்டங்கள் தீர்ந்துபோனதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான்காமவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. முகவரி பதிவாகாவிட்டால் தங்கும் அனுமதி நீளாது. அனுமதி நீளாவிட்டால் வேலையும் இல்லை. ஐந்தாவதாகக் கிடைத்த திருமதி கூ, முதல் ஒப்பந்தம் சோதனைக்குத்தான் என்றும், கட்டடத் தலைவியிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் புதுப்பிக்கப் போவதில்லை என்றும் சொன்னபோது, மேரிம் அதைச் சொல் பிசகாமல் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கட்டடத் தலைவியின் பெயர் யாவ் சியூலான். வயது அறுபத்தாறு. பருத்தி ஆலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் துணியில் விழும் பிழையைக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலை அவரை விட்டுவிட்டது. அவர் பிழைகளை விடவில்லை. அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி குப்பைப் பிரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், சட்டைப் பையில் தொண்டருக்கான சிவப்புக் கைப்பட்டை, கையில் இடுக்கி, கக்கத்தில் குறிப்பேடு என்று குப்பைக் கூடத்தின் வாசலில் நின்றுவிட்டார். பட்டை பையில் இருந்தது காலை ஏழு மணி வரைதான். கூடம் திறந்ததும் அது கைக்கு ஏறிவிடும். காலை ஏழு முதல் ஒன்பது, மாலை ஆறு முதல் எட்டு. மற்ற நேரங்களில் கூடம் பூட்டியிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே.

"இன்னைக்கு நீ என்ன குப்பை?"

மேரிம் முதல் நாள் இதைக் கேட்டுத் திகைத்தாள். பிறகு அது நலம் விசாரிப்பதற்கு நிகரானது என்று புரிந்துகொண்டு, ஈரம், உலர், மறுபயன், அபாயம் என்ற நான்கு வகைக்கும் நான்கு வாளிகள் வாங்கி, தினமும் நான்கையும் ஏந்திக்கொண்டு இறங்கினாள். அக்கம்பக்கத்தார் அவளுடைய பெயரின் முதல் அசையை மட்டும் எடுத்துக்கொண்டு மெய் டீச்சர் என்று அழைத்தனர். இவ்வளவு முறையாக இருந்தும் மூன்று வாரங்களுக்குள் யாவின் குறிப்பேட்டில் 402-ஆம் வீட்டின் பெயரில் இரண்டு பிழைகள் ஏறிவிட்டன. ஆகஸ்ட் 21, உலர் வாளியில் கோழியெலும்பு. செப்டம்பர் 3, உலர் வாளியில் மீன் தலை. மூன்றாவது பிழை வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்கப்படும் என்பது விதி.

பிழையின் காரணம் இது. எதை எங்கே போடுவது என்பதற்கு ஊரெங்கும் ஓர் எளிய சோதனை பழக்கத்தில் இருந்தது. பன்றி தின்னும் என்றால் ஈரக் குப்பை. தின்னாது என்றால் உலர் குப்பை. நாரினில் யாரும் பன்றி வளர்ப்பதில்லை. அது எதைத் தின்னும், எதை ஒதுக்கும் என்று மேரிம் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆகவே தனக்குத் தெரிந்த ஆட்டை வைத்துக் கணக்குப் போட்டாள். ஆடு கோழியெலும்பைத் தின்னாது. மீன் தலையை முகர்ந்துகூடப் பார்க்காது.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தவர் யாவின் கணவர் லோ கென்ஃபா. ஹுவாங்பூ ஆற்றில் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்குப் படகு ஓட்டியவர், அறுபத்தொன்பது வயது, குப்பைக் கூடத்தில் மனைவிக்குத் துணையாகப் பட்டை கட்டி நிற்பவர். ஆட்டுக் கணக்கைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்த பிறகு அவர் ஒரு வழி சொன்னார்.

"நான்தாம்மா பன்னி. இனிமே என்னைக் கேளு. திம்பேன்னு சொன்னா ஈரம். மாட்டேன்னா உலர்."

"தின்னா செத்துருவேன்னு சொன்னா, சித்தப்பா?"

"அது அபாய வாளி. உன் சித்தி சமையலை அதுலதான் போடணும்."

அன்று முதல் மேரிம் மாலைதோறும் வாளிகளோடு அவர் முன் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். முட்டை ஓடு? திம்பேன். ஈரமான துடைப்புத் தாள்? மாட்டேன். பூசணி விதை? நாலு கொடு, இப்பவே திங்கறேன். செப்டம்பர் 3-க்குப் பிறகு 402-இன் பெயரில் ஒரு பிழையும் ஏறவில்லை.

மனைவியின் சமையலைப் பற்றி லோ சொன்னதில் நியாயம் இருந்தது. ஜூன் மாதப் பரிசோதனையில் அவருடைய இரத்தத்தில் யூரிக் அமிலம் 561 என்று வந்திருந்தது. 420-க்கு மேல் போகக் கூடாது. கால் பெருவிரல் வீங்கி அவரை இரண்டு வாரம் படுக்கையில் கிடத்தியது. யாவ் அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, ஆடு, பீர், இறால் மூன்றையும் ஒரே நாளில் ஒழித்தார். அதற்குப் பிறகு அவர்களுடைய 101-ஆம் வீட்டில் வேகவைத்த வெண்பூசணி மட்டுமே பெருமையோடு பரிமாறப்பட்டது.

அக்டோபர் 17, வியாழன். வகுப்பு ரத்தானதால் மேரிம் பிற்பகல் இரண்டு மணிக்கே திரும்பிவிட்டாள். கட்டடம் முழுவதும் மதியத் தூக்கத்தில் இருந்தது. யாவ், வியாழன்தோறும் போவதுபோல, முதியோர் மையத்தின் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்தார். பூட்டிய குப்பைக் கூடத்தின் பக்கவாட்டில், பூத்து மணத்துக்கொண்டிருந்த ஒஸ்மந்தஸ் செடியின் பின்னால், லோ குனிந்து ஓர் இளஞ்சிவப்புப் பையைச் செருகிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தவர் அவளைக் கண்டதும் அசையாமல் நின்றார்.

"மெய் டீச்சர், நீ எதையும் பாக்கலை."

"பாத்துட்டேனே, சித்தப்பா."

பக்கத்துத் தெருவின் வறுவல் கடையிலிருந்து ஆட்டு விலாவும் இரண்டு டின் பீரும் வெளிவாசலுக்கே வந்து சேர்ந்த கதையை அவர் மறைக்காமல் சொன்னார். வீட்டுக் குப்பையில் போட்டால் மனைவியின் இடுக்கி கண்டுபிடித்துவிடும். தெருமுனைத் தொட்டிவரை நடக்கலாம் என்றால் பெருவிரல் விடவில்லை. போன முறை ஓர் இறால் வால் மாட்டியதற்கே பதினேழு நாள் பூசணித் தண்ணீர். யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவர் கெஞ்ச, பன்றியாக நடித்துத் தன்னைக் காப்பாற்றிய மனிதருக்கு மேரிம் வாக்குக் கொடுத்தாள். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"எலும்பையும் டின்னையும் ஒண்ணாப் போட்டிருக்கீங்களே?"

"திருட்டுக் குப்பையை யாராவது பிரிச்சுப் போடுவாங்களா?"

மாலை ஆறு மணிக்கு மேரிம் நான்கு வாளிகளோடு இறங்கியபோது, கூடத்தின் முன் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக நின்றிருந்தனர். நடுவே செய்தித்தாள், அதன்மேல் இளஞ்சிவப்புப் பை. பூ வாசனையை மீறி எழுந்த ஆட்டு வாசனையை யாவின் மூக்கு எட்டடி தூரத்திலேயே பிடித்துவிட்டது. அவர் முடிச்சின் ஒரு நுனியை இழுத்தார். பை சட்டென்று அவிழ்ந்தது. அவிழ்ந்த முனை கையில் இருக்க, ஒரு கணம் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை மேரிம் கவனித்தாள். பிறகு இடுக்கி வேலையைத் தொடங்கியது. விலா எலும்பு பதினொன்று. பீர் டின் இரண்டு. பூண்டுத் தோல். துடைப்புத் தாள். லோ சற்றுத் தள்ளி நின்று ஒஸ்மந்தஸ் பூக்களை முதன்முதலாகப் பார்ப்பவரைப்போல ஆராய்ந்துகொண்டிருந்தார்.

201-ஆம் வீட்டு ஃபாங், கட்டடத்தில் எந்தச் செய்தியும் ஆறிப்போக விடாதவள், முதலில் வாய் திறந்தாள்.

"ஆடு திங்கற வீடு இங்க ஒண்ணுதான் இருக்கு. நான் பேரு சொல்லலை."

சொல்லாத பெயரை நோக்கி எல்லாத் தலைகளும் திரும்பின. யாவ் கேட்டார்.

"டீச்சர், இது உன்னோடதா?"

"இல்லை, சித்தி."

"யாரோடதுன்னு தெரியுமா?"

மேரிம் வாளிகளைக் கீழே வைத்தாள். கொடுத்த வாக்கு ஒரு பக்கம். திருமதி கூவின் கையெழுத்து மறுபக்கம்.

"தெரியாதுன்னு சொல்லிட்டுப் போயேன், அதுக்கென்ன," என்றாள் ஃபாங்.

"அப்படிச் சொன்னா பொய்யாயிடும்."

இந்தப் பதில் அவளைக் காப்பாற்றவில்லை. வட்டத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டனர். வெளிநாட்டுக்காரர்கள் இப்படித்தான் சுற்றி வளைத்து ஒப்புக்கொள்வார்கள் என்று யாரோ விளக்கமும் தந்தார். ஃபாங்கின் விரல்கள் கைபேசியில் ஓடின. கட்டடத்தின் கைபேசிக் குழுவில் வீட்டுக்காரி திருமதி கூவும் உண்டு என்பது மேரிமுக்கு நினைவு வந்தது.

யாவ் எல்லோரையும் கையமர்த்தினார். கூடத்தின் உள்ளே போய், ஆரஞ்சுத் தோல் நிறைந்த வேறொரு பையைக் கொண்டுவந்து மேரிமிடம் நீட்டினார். இதற்கு ஒரு முடிச்சுப் போடு என்றார். அப்படிச் சொல்லும்போதே கணவரின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

மேரிம் எப்போதும் வாளியில்தான் குப்பை கொண்டுவருவாள். அவள் முடிச்சுப் போட்டு அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. அவளும் யோசிக்கவில்லை. பையின் இரு காதுகளையும் முறுக்கி, வளையமாக்கி, ஒரு மடிப்பை உள்ளே நுழைத்து இறுக்கினாள். ஐந்து வயதிலிருந்து அவள் கைகளுக்குத் தெரிந்தது அந்த ஒரு முடிச்சுதான். குதிரை எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. ஆள் நுனியை இழுத்தால் உடனே அவிழும்.

யாவ் நுனியை இழுத்தார். பை சட்டென்று அவிழ்ந்தது.

வட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. கையே ஒப்புக்கொண்டுவிட்டது என்றாள் ஃபாங். யாவின் முகம், முழுத் தறித் துணியும் பாழாகிப்போனதைக் கண்டவரின் முகமாக இருந்தது. ஆனால் விதி விதிதான். குறிப்பேட்டை விரித்தார், 402-இன் பக்கத்தைத் தேடினார், இரண்டு வரிகளுக்குக் கீழே பென்சிலை வைத்தார்.

"எழுதாதே," என்றார் லோ. "அது என்னோடது."

யாரும் நம்பவில்லை. பட்டை கட்டியவர் பை வீசுவாரா? ஃபாங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லோ அண்ணன் மனசு யாருக்கு வரும். அநாதையா நிக்கற பொண்ணுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறார் பாரு." பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினார். லோவுக்குக் கோபமே வந்துவிட்டது. எத்தனை எலும்பு என்று கேளுங்கள், பதினொன்று என்றார்; அதுதான் எல்லோரும் எண்ணியாயிற்றே என்றார்கள். கடையின் பெயரைச் சொன்னார். அந்தக் கடை எல்லோருக்கும் தெரியும் என்றார்கள். மறைப்பதற்குப் பட்ட பாட்டைவிட மாட்டிக்கொள்வதற்குப் படும் பாடு பெரிதாக இருந்தது.

யாவ் குறிப்பேட்டை மூடினார்.

"செருப்பைக் கழட்டு."

லோ கழற்றினார். இடது பெருவிரல் முள்ளங்கிபோலச் சிவந்து பளபளத்தது.

"இது ஆடு தின்ன காலு. பூசணிக்கா தின்ன காலு இப்படி இருக்காது." யாவ் இடுக்கியால் விரலைச் சுட்டிக் காட்டினார். "நாப்பத்திமூணு வருஷமா இந்தாளு போட்ட முடிச்சை அவுத்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? டீச்சருக்குப் போட வராது, இவரு மாட்டிக்குவாருன்னு நினைச்சேன். நீ எங்கடி கத்துக்கிட்டே?"

"குதிரை கட்டறதுக்கு, சித்தி."

"படகுக்கும் குதிரைக்கும் ஒரே முடிச்சா," என்று யாவ் தனக்குள் சொல்லிக்கொண்டு, 101-ஆம் வீட்டின் வெறும் பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்திலேயே முதல் பிழையைப் பதிவு செய்தார்.

ஃபாங் அனுப்பிய செய்தி அதற்குள் திருமதி கூவை எட்டியிருந்தது. மறுநாள் காலை அவர் யாவைத் தொலைபேசியில் அழைத்து, புகார் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். யாவ் வாய்ப்பேச்சை நம்புகிறவரல்லர். ஒரு தாள் எடுத்து, 402-ஆம் வீட்டில் பதிவான பிழைகள் இரண்டு, இரண்டுக்கும் காரணம் ஆடு, செப்டம்பர் 3-க்குப் பின் பிழை இல்லை, குடியிருப்பவர் பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லத் தெரியாதவர் என்று எழுதி, முத்திரை வைத்து அனுப்பினார். திருமதி கூவுக்கு ஆடு விஷயம் கடைசிவரை விளங்கவில்லை, முத்திரை விளங்கியது. டிசம்பர் 28 அன்று ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.

லோவின் வியாழக்கிழமைகளுக்கும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. பாட்டுக் குழுவை விட யாவுக்கு மனமில்லை. கணவரைத் தனியாக விட அதைவிட மனமில்லை. நவம்பர் தொடக்கத்தில் லோ, இந்த வயதில் தனக்கு ரஷ்ய மொழி கற்கும் ஆசை வந்திருப்பதாக அறிவித்தார். மேரிமின் வியாழன் பிற்பகல் வகுப்பு அதற்குள் நிரந்தரமாகவே ரத்தாகியிருந்தது. பொய் சொல்லாத ஒருத்தியின் கண்காணிப்பில் இரண்டு மணி நேரம் என்பதால் யாவ் மகிழ்ந்து சம்மதித்தார். ஒவ்வொரு வாரமும் என்ன பாடம் நடந்தது என்று கேட்பார். உணவுப் பெயர்கள், சித்தி, என்று மேரிம் நடந்ததை உள்ளபடியே சொல்வாள். அதற்கு மேல் கேள்வி வந்ததில்லை. ஆண்டு முடிவதற்குள் லோ ஒன்பது ரஷ்யச் சொற்கள் கற்றிருந்தார். அவற்றில் ஆறு ஆட்டின் பாகங்கள்.

யாவ் சியூலானின் குறிப்பேட்டில் டிசம்பர் மாதப் பதிவு: 101-ஆம் வீடு, பிழை இல்லை. 402-ஆம் வீடு, பிழை இல்லை; எலும்பு, டின், துடைப்புத் தாள் யாவும் சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

2020 ஜனவரி 3, வெள்ளி. லோ கென்ஃபா, யூரிக் அமிலம்: 574.